சொர்ணத்தின் பதினாலு எருக்கஞ்செடி

எட்டு வருஷமாக வேலுவுக்கு ஒரு பொம்பளை மேல் வயிற்றெரிச்சல். காரணம் சின்னதுதான். பெரிய கல் என்றால் சுற்றிக்கொண்டு போய்விடலாம். செருப்புக்குள் புகுந்த பொடிக்கல்லை என்ன செய்வது?

பாலவாக்கத்தில், கடற்கரைக்கு நாலு தெரு இந்தப் பக்கம், மயிலாப்பூர் சுப்பராமன் சாருக்கு இரண்டு கிரவுண்டு மனை இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை வேலுவுடையது. படிப்பு நாலாங்கிளாஸ். அடையாறிலும் தி.நகரிலும் பத்துப் பதினைந்து வீட்டுத் தோட்டம் அவன் கையில். இந்த மனையில் பார்த்துக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றிலும் கம்பி வேலி, உள்ளே மணல், மணலில் தானாக முளைத்த பதினாலு எருக்கு. பன்னிரண்டு ஊதாப் பூ, இரண்டு வெள்ளை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் சுப்பராமன் சார் போன் செய்தார். "வேலு, நம்ம மனைல எருக்கம்பூ இருக்குமே, பிள்ளையாருக்குப் பறிச்சுண்டு வா." சதுர்த்தியன்று காலை ஆறு மணிக்கு வேலு பையோடு போனான். பதினாலு செடியிலும் ஒரு பூ இல்லை. மொட்டு கூட இல்லை. மணலில் வெறுங்காலின் தடம் மட்டும் வரிசையாக இருந்தது.

வெறுங்கையோடு எப்படிப் போவது? மயிலாப்பூரில் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தி எருக்கமாலை விற்றுக்கொண்டிருந்தாள். கண்ணு தெரியாதவள் போல என்று இரக்கப்பட்டு, பேரம் கூடப் பேசாமல் வாங்கினான். வீட்டில் சாரின் மனைவி கோமளம் மாமி மாலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு பளிச்சுனு இருக்கு! நம்ம மனைல பறிச்சதுதானே?" என்றாள். "ஆமா மாமி" என்று ஒரு பொய்யைப் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

தெருமுனை டீக்கடையில்தான் அவனுக்கு உறைத்தது. மாலை சுற்றியிருந்த பொட்டலத்தைக் கட்டியிருந்தது நீல நைலான் கயிறு. வேலியில் ஓட்டை விழுந்த இடத்தில் அவனே போன மாசம் கட்டிய கயிறு. தன் செடிப் பூவைத் தானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறான்! பாதி டீயைக் கீழே கொட்டினான்.

சொர்ணம் என்ற அந்த மாலைக்காரியோடு அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. அவன் ஓட்டையை அடைத்தால் அவள் வேறு பக்கம் வருவாள். முள் வெட்டிப் போட்டால் கோணியைப் போட்டுத் தாண்டுவாள். 'பூ பறிக்கக் கூடாது' என்று பலகை எழுதி நட்டான். பூப்பறிக்கும் பையை அந்தப் பலகையில் மாட்டிவிட்டுப் பறித்தாள். ஒருநாள் விடியற்காலையிலேயே வந்து காத்திருந்து பிடித்தான்.

"ஏம்மே, கண்ணு தெரியாதவ மாதிரி கண்ணாடி போட்டுக்கினு திருட வந்துகிறியா?"

"கண்ணு தெரியறதுக்குத்தான்யா கண்ணாடி. எருக்கம்பால் கண்ணுல தெறிச்சா பார்வை போய்டும். எங்கம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணப்ப ஆஸ்பத்திரில குடுத்தது. உனக்கு ஒண்ணு வேணுமா?"

"பூவு ஒங்க அப்பன் வூட்டுதா?"

"ஒங்க அப்பன் வூட்டுதா? நட்டியா, தண்ணி ஊத்துனியா? காத்து வெதைச்சுது, மழை ஊத்துச்சு, நான் பறிக்கிறேன். நடுவுல நீ யாரு நைனா?"

நட்டதும் இல்லை, தண்ணீர் ஊற்றியதும் இல்லை என்பது உண்மைதானே.

நாலாவது வருஷம் அவன் ஒரு வேலை செய்தான். ஆடி மாசம் நடுவில், சதுர்த்திக்கு ஒரு மாசம் இருக்கும்போது, அத்தனை செடியையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டான். வந்து பார்த்த சொர்ணம் மணலை வாரி இறைத்துச் சாபம் விட்டாள்.

"ஒன் வூட்ல எருக்கு மொளைக்க!"

குடி அழிந்து, வீடு பாழாகி, சுவர் இடிந்து எருக்கு முளைக்கட்டும் என்று அர்த்தம். அதைவிடப் பெரிய சாபம் கிடையாது. வேலு பதறவில்லை.

"மொளைச்சா நீதான மொதல்ல வந்து பறிப்ப!"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாபம் விட்டவளும் வாங்கியவனும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். ஆனாலும் வேலுவின் எரிச்சல் தீரவில்லை. சிரித்தது தனி, பகை தனி.

இந்த வருஷம் தை மாசம் அந்த மனையில் சுப்பராமன் சார் வீடு கட்டிக் குடிவந்துவிட்டார். முன்பக்கம் வீடு, பக்கவாட்டில் மதில், பின்பக்கம் அதே மணலும் கம்பி வேலியும் பதினாலு எருக்கும். மருமகள் மாளவிகா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற பெண். அவளுக்குப் பட்டாம்பூச்சித் தோட்டம் போட ஆசை. வெளிநாட்டிலிருக்கும் சிநேகிதி ஒரு விதைப் பொட்டலம் அனுப்பியிருந்தாள். அட்டையில் உருண்டையாக ரோஸ் நிறப் பூ.

"வேலு அண்ணா, இதுவும் எருக்கு ஜாதிதானாம். பால் வடியுமாம். இதுல பட்டாம்பூச்சி முட்டை வைக்கும். ஆனா விதை முளைக்கக் குளிர் வேணும். ஈர மணல்ல போட்டு ஒரு மாசம் ஃப்ரிட்ஜுல வைக்கணும்."

"பனி கொட்ற ஊரு செடியா மேடம்?"

"ஆமா."

"வெதைக்கு ஃப்ரிட்ஜு சரி. சித்திரை வெயில்ல செடிக்கு எங்க போயி ஃப்ரிட்ஜு வாங்கறது?"

மாளவிகா சிரித்தாள், ஆனால் கேட்கவில்லை. கோமளம் மாமிதான் சண்டைக்கு வந்தாள். "தயிருக்குப் பக்கத்துல கடல் மண்ணா? நன்னாருக்குடி! ஆத்துல ஆசாரம்னு ஒண்ணு மிச்சம் இருந்தது, அதுவும் போச்சு." கடைசியில் மண் டப்பா கீழ்த்தட்டுக்குப் போனது, தயிர் மேல்தட்டுக்கு ஏறியது.

பதினோரு நாற்று வந்தது. வேலு வலை கட்டி, நிழல் போட்டு, குழந்தை மாதிரி பார்த்தான். சித்திரை பத்துக்குள் பதினொன்றும் கருகிப்போயின. அப்புறம் நர்சரியில் போய், சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற சின்னச் செடி இருபது வாங்கி வந்தான். நர்சரிக்காரன் அதைப் பட்டாம்பூச்சிச் செடி என்றே சொல்லி விற்கிறான். அது வெயிலுக்கு அசையவில்லை. ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி வந்து முட்டையும் வைத்தது. புழு வந்தது. மாளவிகா தினமும் எண்ணினாள். மூன்றாம் நாள் எல்லாப் புழுவும் கறுத்துச் சுருண்டு இலையிலேயே தொங்கின. செடி பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நர்சரியில் மருந்தடித்துத்தான் அனுப்புவார்கள். அது இலைக்குள்ளேயே இருக்கும். வேலுவுக்கு இது தெரியும். தெரிந்தும் அந்த நேரத்துக்கு யோசனை வரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"போதும் அண்ணா, விட்டுடுங்க," என்றாள்.

அவள் விட்டதும் வீட்டுப் பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். பின்பக்கம் புல்தரை, கல் பாதை. ஆனி முடிவதற்குள் எருக்கு அத்தனையும் வேரோடு போக வேண்டும்.

வேலுவுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. எட்டு வருஷச் சண்டையில் இதோ அவன் ஜெயிக்கப் போகிறான். மறுநாள் விடியலில் பின்பக்கச் சந்துக்கு வந்த சொர்ணத்திடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே சொன்னான்.

"இந்த வருசம் சதுர்த்திக்கு வேற எடம் பாத்துக்கோ. வர்ற வாரம் எல்லாத்தையும் புடுங்கறேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டுக்குப் பதிலும் தயாராக வைத்திருந்தான். அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி இல்லாமல் அவளை அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாதாரணமான, களைத்த கண்.

"வேற எடம் எது?" என்றாள். "அடையாத்தங்கரைல பறிச்சேன், சுவரு கட்டிட்டான். திருவான்மியூர்ல காலி மனைல பறிச்சேன், அபார்ட்மெண்டு வந்துச்சு. கொட்டிவாக்கத்துல மூணு செடி இருந்துச்சு, ரோடு போட்டான். இதான்யா கடைசி."

அன்றைக்குத்தான் அவள் கதை அவனுக்குத் தெரிந்தது. ஆற்றோரக் குடிசையில் பிறந்தவள். புருஷன் சுண்ணாம்பு அடிக்கிறவன், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. மூன்று பிள்ளைகள். பூ விற்கலாம் என்று கோயிலுக்குப் போனால் மல்லிக்கு ஒரு குடும்பம், கதம்பத்துக்கு ஒரு குடும்பம், அருகம்புல்லுக்குக்கூட ஓர் ஆள், தலைமுறையாக இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தொடாமல் கிடந்தது எருக்கு ஒன்றுதான். பால் பட்டால் கை அரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து.

"மல்லிக்கு மொதல் போடணும். எருக்குக்கு இன்னா மொதல்? ரெண்டு கை. அந்தப் புள்ளையாரு மட்டும் மல்லிதான் வேணும்னு அடம் புடிச்சிருந்தா என் புள்ளைங்க படிச்சிருக்காது," என்றாள்.

மூன்றையும் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள். அப்புறம் ஆற்றோரத்தைக் காலி செய்து பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். நாலரை மணிக்கு எழுந்து, முதல் பஸ் பிடித்து, பாலவாக்கத்தில் பறித்து, போகிற பஸ்ஸிலேயே ஊசியில் கோத்து, எட்டு மணி அபிஷேகத்துக்குள் மயிலாப்பூர் போய்விடுவாள்.

"இனிமே கோவளம் தாண்டிப் போனாத்தான் செடி. பறிச்சிக்கினு வந்து சேர்றதுக்குள்ள புள்ளையாரு சாப்ட்டுட்டுத் தூங்கிடுவாரு. சதுர்த்தி வரைக்குமாவது விடுய்யா."

"என் கைல இல்லம்மா," என்றான் வேலு. உண்மைதான். ஆனால் சொன்ன பிறகு வாய் கசந்தது.

அடுத்த புதன்கிழமை கடப்பாரையோடு இறங்கினான். முதல் செடி வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. எருக்கு வேர் மணலில் எவ்வளவு ஆழம் போகும் என்று தோண்டினவனுக்குத்தான் தெரியும். அதற்குள் சொர்ணம் வந்துவிட்டாள். மிச்சமிருக்கும் பூவையாவது பறிக்கலாம் என்று வேலி தாண்டி வந்தவள், பூவை விட்டுவிட்டு, சாய்ந்து கிடந்த செடியிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பக்கத்துச் செடியில் விட்டுக்கொண்டிருந்தாள்.

வேலு குனிந்து பார்த்தான். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழு. சுண்டுவிரல் நீளம். ஏழெட்டு இருக்கும். அத்தனையும் உயிரோடு, கொழுகொழுவென்று.

"இது அந்தப் புழு இல்ல?" என்றான்.

"எந்தப் புழு? எப்பவும் இங்க கீறதுதான். நான் புழு இருக்கற கொப்பத் தொட மாட்டேன். மாலைல புழு ஊர்ந்தா குருக்களு தூக்கி மூஞ்சில அடிப்பாரு. அத்த மட்டும் வுட்டுட்டு மத்தது பறிப்பேன். பறிச்ச எடத்துல எளசாத் துளிரு வரும், அத்த இதுங்க துன்னும்."

வேலு கடப்பாரையைப் போட்டுவிட்டு வீட்டுப் பக்கம் ஓடினான். ஐம்பது வயசில் அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை. மாளவிகா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு வந்தாள். மணலில் கறுப்புக் கண்ணாடியோடு ஒருத்தி நிற்பதைப் பார்த்துத் தயங்கினாள்.

"யார் இவங்க?"

"பூ... எருக்கு பத்தித் தெரிஞ்சவங்க மேடம்," என்றான் வேலு. வேறு சொல் வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டான்.

சொர்ணம் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். அடியில் பச்சையாக ஒரு கூடு தொங்கியது. ஊசிமுனை அளவில் தங்கப் புள்ளி வரிசை. பக்கத்திலேயே இன்னொரு கூடு, கண்ணாடி போல மெலிந்து, உள்ளே ஆரஞ்சு நிறம் மடித்து வைத்த புடவை போலத் தெரிந்தது. மாளவிகா மணலில் மண்டி போட்டுவிட்டாள்.

"இது ஏன் சாகல?"

"எவனும் மருந்தடிக்கலியேம்மா," என்றாள் சொர்ணம்.

"நான் அஞ்சு மாசமா எங்கெங்கயோ தேடிண்டிருக்கேன். இது பின்வாசல்லயே இருந்திருக்கு!" என்ற மாளவிகா வேலுவைப் பார்த்தாள். "அண்ணா, இதையா வெட்டறோம்?"

அதற்குள் கோமளம் மாமி வந்துவிட்டாள். "எருக்கு இருக்கப்படாது, மாளவிகா. எருக்கு முளைச்சுக் கிடந்தா குடி அத்துப்போன ஆம்னு அர்த்தம். கிரகப்பிரவேசம் ஆகி ஆறு மாசம் ஆகல."

வீடு, குடி என்ற பேச்சு வந்தால் மருமகள் எதிர்த்துப் பேச முடியாது. சொர்ணத்துக்கு அந்த இடத்தில் பேச உரிமை இல்லை. பேச வேண்டியவன் தான் ஒருத்தன்தான் என்று வேலுவுக்குத் தெரிந்தது. எட்டு வருஷமாக யாரைத் துரத்தினானோ அவளுக்காக வாய் திறக்க வேண்டும். தலையைச் சொறிந்தான்.

"மாமி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. ரதசப்தமிக்குத் தலைல வெச்சுக் குளிக்க, ஆளுக்கு ஏழு எருக்கெலை வேணும்னு வருசா வருசம் சொல்றீங்களே. எங்க பறிச்சாந்தேன்?"

"அது வேற."

"செடி இதானே மாமி?"

மாமி பேச்சை மாற்றச் சொர்ணத்தின் பக்கம் திரும்பி உற்றுப் பார்த்தாள்.

"நீ கோயில் வாசல்ல மாலை விக்கறவளோன்னோ? உங்கிட்டதானே நான் செவ்வாய்க்கிழமை வாங்கறேன்! அப்போ அந்தப் பூவெல்லாம்...?"

"இங்க பறிச்சதுதான் மாமி."

"எங்க பூவை எங்களுக்கே வித்திருக்கே!"

"பூ உங்களுது மாமி. கோத்த கை என்னுது," என்றாள் சொர்ணம், தலை குனியாமல்.

மாமி தண்ணீர்த் தொட்டி கட்டும் இடம், வாசல் பக்கம் என்று விரல் நீட்டிக் காட்டினாள். "வாசல்லேர்ந்து பார்த்தா கண்ணுல படப்படாது. நீ பிடுங்கினதோட சேர்த்துத் தொட்டிகிட்ட இருக்கற அஞ்சும் போகட்டும். மதிலோரம் இருக்கறது இருக்கட்டும். வெள்ளை ரெண்டையும் தொட்டே, உன்னை வேலைலேர்ந்து நிறுத்திடுவேன்." நாலு அடி போய்விட்டுத் திரும்பினாள். "நீ இனிமே வேலி தாண்டிண்டு வராதே. விழுந்து வெச்சா யார் பார்ப்பா? கேட் இருக்கோன்னோ."

புல்தரை யோசனை நின்றுபோனது. ஒன்பது எருக்கு மதிலோரம் நின்றன. கம்பி வேலியில் சொர்ணம் சொன்னபடி வேலிப்பருத்திக் கொடியை ஏற்றினான் வேலு. அதுவும் பால் வடியும் ஜாதிதான், மணலுக்கும் உப்புக் காற்றுக்கும் பழகினது. நர்சரிச் செடிகளை அவன் தூக்கிப் போடவில்லை. ஒரு சாண் விட்டு வெட்டி, பூந்தொட்டியில் மாற்றி, வலை போட்டு மூடி வைத்தான். மருந்து தீர்ந்த துளிர் வரும்வரை பட்டாம்பூச்சியை அண்ட விடுவதில்லை என்று முடிவு. மாளவிகா வாரம் ஒரு தடவை, "வலையை எடுக்கலாமா அண்ணா?" என்பாள். "மழைக்காலம் போவட்டும் மேடம்," என்பான்.

சதுர்த்தியன்று சொர்ணத்தின் எருக்கமாலை அத்தனையும் காலை ஒன்பது மணிக்கெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. இருபது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை என்றாள்.

சதுர்த்தி முடிந்த நாலாம் நாள் அவள் பறித்துவிட்டுக் கிளம்பும்போது வேலுவும் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அடையாறு வீட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பினான். இரண்டு பேரும் ஈ.சி.ஆர். பஸ் ஸ்டாப் வரை நடந்தார்கள். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் அவள் ஆரம்பித்தாள்.

"மதிலோரம் மூணாவது செடி பாத்தியா?"

"இன்னா அதுக்கு?"

"அத்த நான் தொடவே இல்ல. சதுர்த்திக்கும் தொடல. பூவெல்லாம் காயாவட்டும்னு வுட்டு வெச்சுக்கீறேன்."

வேலு நம்பாமல் பார்த்தான். ஒரு மொட்டு விடாதவள்.

"இந்த மாமி நல்ல மனுசிதான். ஆனா நாளைக்கே மனசு மாறலாம். அந்தப் பொண்ணு வேலை கெடைச்சு வெளிநாடு போவலாம். ஒத்த மதிலு நம்பிக்கினு எத்தினி நாளு ஓட்றது? நீ ஒண்ணு செய்யணும்."

"சொல்லு."

"காய் முத்துனா வெடிச்சுப் பஞ்சு பறந்துடும். அதுக்கு முன்னாடி சுத்தி நூலு கட்டி வை. மழை வுட்டதும், மணலு ஈரம் காயறதுக்குள்ள, வெதைய எட்த்துக்கினு போ. இந்த ரோட்டுல எங்கெங்க வேலி இல்லாத மணலு கீதோ, அங்கெல்லாம் போடு. கொட்டிவாக்கம், நீலாங்கரை, எல்லாம். நான் குனிஞ்சா எவனாவது வந்து இன்னா ஏதுன்னு கேப்பான். நீ தோட்டக்காரன், கைல மம்மட்டி கீது, ஒன்ன எவனும் கேக்க மாட்டான்."

பஸ் வந்து நின்றது. அவள் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"ஒரு எடத்துல ரெண்டு வெதைக்கு மேல போடாத, கும்பலா மொளைச்சா எவன் கண்ணுலயாவது பட்டுடும். போட்டுட்டு எங்கன்னு எனக்கு மட்டும் சொல்லு."